முள்ளும் பல்பும்



நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்று லாரியும் ரிக் வண்டியுமே பிழைப்பாகிப்போன ஊர்களில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. அந்தப் பட்டறை ஓரங்களில் சில சமயம் ஒரு பழைய புல்லட்டோ ஜாவாவோ நிற்கும். மெக்கானிக் பார்த்துக் கைவிரித்த வண்டி. என்ஜினில் குறையில்லை, பெட்ரோல் வருகிறது, ஆனாலும் உதைத்து உதைத்துக் கால் ஓய்ந்ததுதான் மிச்சம். அப்படிப்பட்ட வண்டியில் கரண்ட் எங்கே தொலைகிறது என்று கண்டுபிடிக்கும் கைத்திறனைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

சென்னை திருவொற்றியூரில் புல்லட் தயாரிப்பதற்காக என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் 1955-இல் தொடங்கப்பட்டது. மைசூரின் ஐடியல் ஜாவா தொழிற்சாலையிலிருந்து 1961 முதல் ஜாவா வந்தது, பிறகு யெஸ்டி வந்தது; 1996-இல் அந்த ஆலை நின்றது. இந்த வண்டிகள் நெடுங்காலம் 6 வோல்ட்டில் ஓடியவை. இவற்றின் தலைவலிக்கெல்லாம் வேர் அந்த ஆறுதான். துருப்பிடித்த ஓர் இணைப்பில் ஒரு வோல்ட் வீணாகிறது என்று வையுங்கள். 24 வோல்ட் லாரிக்கு அது ஒரு பொருட்டே அல்ல. 6 வோல்ட் வண்டிக்கோ ஆறில் ஒரு பங்கு போய்விட்டது. விளக்கு மங்கும், ஹாரன் இருமும், பிளக்கில் பொறி வராது.

கைதேர்ந்தவர் ஸ்பானரைத் தொடுவதற்கு முன்பு புல்லட்டின் ஹெட்லைட் தலையில் இருக்கும் ஆம்மீட்டரைப் பார்ப்பார். "விளக்கெல்லாம் அணைச்சிட்டு சாவியப் போடுங்க. கிக்கரை மெதுவா அமுக்குங்க, ஒதைக்காதீங்க. முள்ளு ஆடுதுங்களா?" என்று கேட்பார். என்ஜின் சுழலும்போது பாயிண்ட் என்கிற தொடுமுனை மூடினால், பொறிக்கு வேண்டிய காயிலுக்குக் கரண்ட் போகும், முள் இடப்பக்கம் சாயும். பாயிண்ட் திறந்தால் முள் நடுவுக்கு வரும். அப்படி ஆடினால் பேட்டரி, சாவி, காயிலின் முதல் சுற்று, பாயிண்ட் எல்லாம் ஒரே பார்வையில் தேறிவிட்டன. முள் அசையவே இல்லையா, வழியில் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது பாயிண்ட்டில் அழுக்கு ஏறியிருக்கிறது. சாய்ந்தபடியே நின்றுவிட்டால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது அதன் ஒயர் எங்கோ பாடியில் தொட்டு எர்த் ஆகிறது. ஒரு நட்டுகூடக் கழற்றாமல் பாதி நோய் தெரிந்துவிடும்.

மாதக்கணக்கில் நின்ற வண்டி என்றால் பெரும்பாலும் பாயிண்ட்தான். பலர் அவசரத்தில் உப்புத்தாளைப் போட்டுத் தேய்ப்பார்கள். அதன் மணல் துகள் உள்ளேயே தங்கி இன்னொரு வம்புக்கு வழிசெய்யும். ஒரு கெட்டியான விசிட்டிங் கார்டைப் பெட்ரோலில் நனைத்து, மூடிய பாயிண்ட்டுக்கு நடுவே இழுத்தால் போதும், கறுப்புக் கோடாக அழுக்கு அதில் வந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு இடைவெளி, புல்லட்டுக்கு 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர்.

அடுத்தது பல்பு. இரண்டு ஒயர் பற்றவைத்த சாதாரண பல்பு; டெஸ்ட் லேம்ப் என்பார்கள். டிஜிட்டல் மீட்டர் வந்த பிறகும் இதை ஏன் விடவில்லை என்று கேட்கலாம். காரணம் பழமைப்பற்று இல்லை. மீட்டர் தன் வேலைக்கு எடுத்துக்கொள்ளும் கரண்ட், ஓர் ஆம்பியரில் ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பத்து இழை அறுந்து ஓர் இழை மட்டும் மிஞ்சிய ஒயரிலும் அது முழு வோல்ட் காட்டி, எல்லாம் சரி என்று சான்றிதழ் கொடுத்துவிடும். 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றே முக்கால் ஆம்பியர் கேட்கும். ஒயரில் சத்து இல்லையென்றால் அந்த இடத்திலேயே மங்கிக் காட்டிக்கொடுக்கும். சுமை ஏற்றிப் பார்க்காத மாட்டை யாரும் விலை பேசுவதில்லை, ஒயரும் அப்படித்தான். ஆனால் பல்பும் வண்டிக்கு ஏற்றதாக இருக்கவேண்டும். லாரிக்கு வைத்திருக்கும் 24 வோல்ட் பல்பை 6 வோல்ட் புல்லட்டில் வைத்தால் கரண்ட் இருந்தாலும் எரிவதே கண்ணுக்குத் தெரியாது.

பல்பின் மிக அழகான உபயோகம் ஷார்ட் தேடுவது. ஃபியூஸ் போட்டதும் போய்விடுகிறது என்றால், ஃபியூஸ் இருந்த இடத்தில் பல்பை மாட்டிவிடுவார். ஷார்ட் இருக்கும்வரை பல்பு பளிச்சென்று எரியும். அதை எரியவிட்டுக்கொண்டே ஒயர்க் கட்டைக் கையால் ஒவ்வோர் இடமாக அசைத்துக்கொண்டு போவார். பெரும்பாலும் ஹேண்டில் கழுத்தில்தான் விஷயம் இருக்கும். முப்பது நாற்பது வருஷமாக இடமும் வலமும் மடங்கி மடங்கி உறை வெடித்திருக்கும். ஹேண்டிலைத் திருப்பியதும் பல்பு சட்டென்று மங்கும். குற்றவாளி அங்கேதான்.

இப்போது புதுவிதமான ஒரு நோய். பழைய வண்டியை ஆசையோடு புதுப்பித்து, சட்டம் முழுக்கப் பவுடர் கோட்டிங் அடிக்கிறார்கள். பார்க்க மணமகன் மாதிரி நிற்கும், ஸ்டார்ட் ஆகாது. அந்தப் பூச்சு கரண்ட்டைக் கடத்தாது. எர்த் போல்ட் பூச்சின் மேல் உட்கார்ந்திருக்கும். ஒரு ரூபாய் அளவுக்குச் சுரண்டினால் தீர்ந்தது. அதற்கு முன்பு புதுக் காயில், புது பேட்டரி என்று எத்தனை ஆயிரம் போயிருக்குமோ!

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது நின்று, கால் மணி நேரம் ஆறியதும் கிளம்பும் வண்டி இருக்கிறதே, அதுதான் உண்மையான பரீட்சை. சூட்டில் மட்டும் காயிலோ கன்டென்சரோ செத்துப் பிழைக்கும். மறுநாள் பட்டறையில் நிறுத்திப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. இங்கே நல்ல எலக்ட்ரீஷியன் கருவியை விட்டுவிட்டு விசாரணையில் இறங்குவார். எத்தனை கிலோமீட்டரில் நின்றது, எவ்வளவு நேரத்தில் கிளம்பியது, நின்றபோது டேங்க் மூடியைத் திறந்து பார்த்தீர்களா? கடைசிக் கேள்வியில்தான் அனுபவம் இருக்கிறது. மூடியின் காற்றுத் துளை அடைத்தாலும் வண்டி இதேபோலத்தான் நிற்கும். திறந்ததும் கிளம்பினால் கரண்ட்டின் மேல் பழி இல்லை.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. சார்ஜ் போதுமா என்பதைப் பல்பு சொல்லாது. ஓடும் என்ஜினில் 6 வோல்ட் பேட்டரிக்கு ஏழு வோல்ட்டுக்குச் சற்று மேல் வருகிறதா என்று மீட்டரில்தான் பார்க்கவேண்டும். மின்னணு இக்னிஷன் மாட்டிய வண்டியில் கண்ட இடத்தில் பல்பை வைத்தால் அந்தப் பெட்டியே போய்விடலாம். பார்த்த மாத்திரத்தில் "ஒயரிங்கையே மாத்திடலாங்க" என்கிறவரிடம் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரே நிற ஒயரை வண்டி முழுக்க இழுத்துவிட்டால், அடுத்த முறை தேடுகிறவனுக்குத் திசையே தெரியாது.

6 வோல்ட் பல்பு கிடைப்பதில்லை என்று 12 வோல்ட்டுக்கு மாற்றுகிறவர்கள் தாராளமாக மாற்றலாம். காயில், ஹாரன், ரெகுலேட்டர், பல்புகள் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றவேண்டும். அப்போது ஆம்மீட்டரையும் தூக்கிவிடச் சொல்வார்கள். அதன் பின்பக்க நட்டு தளர்ந்தால் வண்டியே அணைந்துபோகும் என்பது மெய்தான். நட்டை முடுக்குங்கள், மீட்டர் இருக்கட்டும்.