திறந்த எல்லையும் அடைபட்ட பாதையும்



இறக்குமதியாகும் காய்கறிகளும் பழங்களும் பூச்சிக்கொல்லி எச்சம் சோதிக்கப்பட்ட பின்னரே உள்ளே வரவேண்டும் என்று 2019 ஜூனில் நேபாள அரசு ஆணையிட்டது. எந்த நாட்டுக்கும் உள்ள எளிய உரிமை இது. சோதனை வசதிகள் போதாமையால் லாரிகள் எல்லையில் தேங்கின. இந்தியத் தூதரகம் கடிதம் எழுதிற்று. ஜூலை முதல் வாரத்திலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது.

நேபாளத்தின் மூன்று பக்கங்களிலும் இந்தியா; வடக்கே இமயம். அந்நாடு கடலை அடையும் முதன்மை வழி கொல்கத்தா. இத்தகைய இரு நாடுகளுக்கிடையே 'தடையற்ற வர்த்தகம்' என்பதன் பொருளை 1996 உடன்படிக்கையின் வரலாறு விளக்கும். நேபாளத்தில் உற்பத்தியாகும் பொருள்களுக்கு அது தாராளமாகச் சுங்க விலக்கு அளித்தது. அங்கே வனஸ்பதி ஆலைகள் பெருகின. இந்திய ஆலை முதலாளிகள் கூச்சலிட்டனர். 2002இல் புதுப்பித்தபோது, 30 சதவீத மதிப்புக் கூட்டல் நிபந்தனையும், வனஸ்பதி, அக்ரிலிக் நூல், செம்புப் பொருள்கள், துத்தநாக ஆக்சைடு ஆகிய நான்குக்கு அளவு வரம்பும் நுழைந்தன. வனஸ்பதி வணிகத்தில் கொழுத்தவர்கள் நேபாள உழைப்பாளிகள் அல்லர் என்பதும் உண்மையே. ஆயினும் வலியவனுக்கு நோகும்போது மட்டும் வரம்பு பிறக்கிறது.

எல்லை ஆயுதமாவது இதனினும் கொடியது. 1989 மார்ச்சில் வர்த்தக, போக்குவரத்து உடன்படிக்கைகள் காலாவதியானபோது, ராஜீவ் காந்தி அரசு இரு வழிகளைத் தவிர மற்றவற்றை மூடியது. மண்ணெண்ணெய் கிடைக்காத மக்கள் விறகுக்காகக் காடுகளை வெட்டினர்.

2015 ஏப்ரல் நிலநடுக்கம் ஏறத்தாழ 9,000 உயிர்களைக் குடித்தது. அந்த இடிபாடுகள் அகலுமுன், செப்டம்பர் 20இல் அரசியல் சட்டம் பிரகடனமானது. தராய் சமவெளியின் மதேசி மக்களுக்கு அதில் நியாயமான குறைகள் இருந்தன, போராடியவர்கள் சுடப்பட்டனர். அக்குறைகளைக் கண்ணீர் மல்கப் பேசிய புது தில்லி, முற்றுகை தன்னுடையதன்று என்றது. ஆனால் போராட்டமே இல்லாத சாவடிகளிலும் லாரிகள் நகரவில்லை. எரிவாயு உருளைகள் பாதி நிரப்பி விற்கப்பட்டன, மருந்துகள் அருகின. கூடாரங்களில் குளிர்காலம் வந்தது. 2016 பிப்ரவரியில்தான் பாதை திறந்தது. அடுத்த மாதமே காத்மாண்டு சீனாவுடன் போக்குவரத்து உடன்பாடு செய்துகொண்டதில் வியப்பென்ன?

சரக்குக்கு அடைபடும் அந்த எல்லை மலிவான உழைப்புக்கு மட்டும் என்றும் திறந்தே கிடக்கிறது. இமாச்சல ஆப்பிள் தோட்டங்களிலும், நகரத்து உணவகங்களிலும், அடுக்ககங்களின் வாயிற்காவலிலும் உழைக்கும் நேபாளிகளுக்குக் கடவுச்சீட்டு தேவையில்லை. பணி ஆணையும் ஓய்வூதியமும் பெரும்பாலோருக்குக் கிட்டுவதுமில்லை. 2016 நவம்பரில் செல்லாதவையாக்கப்பட்ட நோட்டுகளாக அவர்கள் ஊரில் சேர்த்துவைத்திருந்த பணத்தை மாற்றித்தர ஏற்பாடு எதுவும் செய்யப்படவில்லை.

1950 உடன்படிக்கை உள்ளிட்ட உறவு முழுவதையும் ஆராய இரு அரசுகளும் 2016இல் கூட்டாக ஒரு சான்றோர் குழுவை அமைத்தன. 2018இல் அறிக்கை ஆயத்தமாயிற்று. ஆண்டுகள் பல கடந்தும் இந்தியப் பிரதமர் அதைக் கைநீட்டி வாங்கவில்லை. அதைப் பெற்று நாடாளுமன்றத்தில் வைக்குமாறு கோருவது இந்திய இடதுசாரிகளின் உடனடிக் கடமை.