தலையிடி என்று சொல்லி மறைப்பது: மனச்சோர்வும் உதவி பெறும் வழிகளும்

(பெற்றோருக்கும் இளையோருக்குமாகச் சிட்னியில் இடம்பெற்ற கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நம்மவர்கள் குடும்ப வைத்தியரிடம் சென்றால் எவற்றை முறையிடுகிறார்கள் என்று சற்று எண்ணிப் பாருங்கள். தலையிடி, நெஞ்சு இறுக்கம், உடல் உளைவு, நித்திரையின்மை. இரத்தப் பரிசோதனை நடக்கும். எல்லாம் சரியாக இருக்கிறது என்பார்கள். மனம் சரியில்லை என்பதை மட்டும் நாம் சொல்வதில்லை. இது நடிப்பன்று. மனத்தின் நோவை உடலின் மொழியில் சொல்லிப் பழகியவர்கள் நாம். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் அவர்கள் இதனைத் தமது எழுத்துகளில் விரிவாக எடுத்துக்காட்டியிருக்கிறார்.

துக்கம் வேறு, மனச்சோர்வு வேறு. துக்கம் வந்து போகும். இடையே ஒரு நல்ல செய்திக்கு முகம் மலரும். மனச்சோர்வில் அந்த மலர்ச்சியே இல்லாது போகும். இரண்டு வாரங்களுக்கு மேலாக, நாளின் பெரும்பகுதியும் மனம் கனத்திருத்தல், விரும்பிச் செய்தவற்றில் நாட்டமின்மை, உணவிலும் நித்திரையிலும் மாற்றம், எதற்கெடுத்தாலும் தன்னையே குற்றஞ்சாட்டுதல் ஆகியவை சேர்ந்திருந்தால் அது சிகிச்சை வேண்டும் நோய். சோம்பலுமன்று, கண்ணூறுமன்று.

அவுஸ்திரேலியாவில் வாழும் தமிழர்களைப் பற்றியே ஓர் ஆய்வு உண்டு. 1998இல் சைலவ், ஸ்டீல் முதலியோர் வெளியிட்ட அந்த ஆய்வில், புகலிடக் கோரிக்கையாளர் 62 பேர், அகதிகள் 30 பேர், குடிவரவாளர் 104 பேர் எனத் தமிழர் 196 பேர் பங்குபற்றினர். மனச்சோர்வும் பதகளிப்பும் குடிவரவாளரை விட முதலிரு பிரிவினரிடமும் கூடுதலாக இருந்தன. புகலிடக் கோரிக்கையாளரை வாட்டியது பழைய போர் நினைவு மட்டுமன்று. இங்கு வந்தபின் விசாவுக்காகக் காத்திருக்கும் நிச்சயமின்மையும் சேர்ந்துகொண்டது. 2014இல் ஜீலோங்கிலும் 2024இல் மெல்பேணிலும், நிரந்தர விசா இன்றி வாழ்ந்த எம் இளைஞர்களை நாம் இழந்தோம். அவர்களுக்குத் தேவைப்பட்டது மருந்து மட்டுமே என்று எவரும் சொல்ல முடியாது.

இனி வீட்டுக்குள் வருவோம். "செல்லடிக்குள் வாழ்ந்த எங்களுக்கு வராத கவலை, எல்லாம் கிடைத்திருக்கும் உனக்கு எப்படி வந்தது?" இக்கேள்வியைக் கேளாத தமிழ்ப் பிள்ளை வென்ற்வேர்த்வில்லிலோ டண்டினோங்கிலோ அரிது. பெற்றோரே, உங்களுக்கும் வந்திருக்கலாம். அதற்குப் பெயர் சொல்ல அன்று நேரம் இருக்கவில்லை. இளவயதினரிடம் மனச்சோர்வு அழுகையாகத்தான் வரவேண்டும் என்பதில்லை. எரிச்சலாக, கதவைச் சாத்திக்கொள்வதாக, திடீரெனக் குறையும் புள்ளிகளாக வரும். அதனைத் திமிர் என்று எண்ணி இன்னொரு ரியூஷன் வகுப்புக்கு அனுப்புகிறோம்.

உதவி பெறும் வழி கடினமானதன்று. நீங்கள் வழக்கமாகச் செல்லும் குடும்ப வைத்தியரே முதற்படி. அவர் உளநலச் சிகிச்சைத் திட்டம் ஒன்றை எழுதித் தந்தால், உளவியலாளருடனான அமர்வுகளில் ஆண்டுக்கு 10 வரை மெடிகெயர் ஒரு பகுதியைத் திருப்பித் தரும். 2006 நவம்பரில் தொடங்கிய ஏற்பாடு இது. மிகுதியை நீங்கள் செலுத்த நேரிடலாம். ஆகவே கட்டணத்தை முன்கூட்டியே கேளுங்கள். உளவியலாளர் பேச்சுவழியே சிகிச்சை அளிப்பவர்; உளமருத்துவர் மருந்தும் எழுதக்கூடிய வைத்தியர். மருந்தின் பயன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நான்காம் நாளே "ஒன்றும் மாறவில்லை" என்று நிறுத்துவதும், சுகமானதும் தாமாகவே கைவிடுவதும் நம்மவரிடம் அதிகம். இரண்டுமே தீங்கு, வைத்தியரைக் கேட்டே நிறுத்த வேண்டும்.

12 முதல் 25 வயது வரையானோர் வைத்தியரின் கடிதமின்றியே ஹெட்ஸ்பேஸ் நிலையங்களுக்குச் செல்லலாம். 15 வயதாகிவிட்டால் தமக்கென மெடிகெயர் அட்டையும் பெறலாம். பிள்ளை வெளியாரிடம் பேசுவது பெற்றோரை மறுப்பதாகாது. போரினாலும் சித்திரவதையினாலும் பாதிக்கப்பட்டோருக்கு, நியூ சவுத் வேல்ஸில் ஸ்டார்ட்ஸ் நிறுவனமும் விக்டோரியாவில் பவுண்டேசன் ஹவுஸும் இலவசமாக உளவளத்துணை வழங்குகின்றன. புகலிடக் கோரிக்கையாளரும் அங்கு செல்லலாம்.

ஆனால் நம்மைத் தடுப்பது பெரும்பாலும் பணமன்று. மொழிபெயர்க்க வருபவர் கோயிலில் காணும் ஒருவராக இருந்தால்? நாளை மகளின் கல்யாணப் பேச்சில் இது வந்தால்? இந்த அச்சம் பொய்யானதன்று. நமது ஊர் சிறியது. மொழிபெயர்ப்பாளர் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். அதுவும் போதாதெனில், 131 450 என்ற தேசிய சேவையின் ஊடாக வேறு மாநிலத்தில் இருப்பவரைத் தொலைபேசியில் கேளுங்கள். உங்கள் பெயரை அவரிடம் தெரிவிக்க வேண்டாம் என்று வைத்தியரைக் கேட்டுக்கொள்ளலாம். பன்னிரண்டு வயது மகனை மட்டும் மொழிபெயர்க்க அழைத்துச் செல்லாதீர்கள். தாய் அவன் முன்னால் உண்மையைச் சொல்லமாட்டார். சொன்னால் அந்தச் சுமையை அவன் சுமப்பான்.

ஒருவர் "நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி" என்ற தொனியில் பேசினால், சாக நினைக்கிறாயா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாகாது. தனியே விடாதீர்கள். உடனடி ஆபத்தெனில் 000. இரவு பகல் எந்நேரமும் பேச லைஃப்லைன் 13 11 14.

வைத்தியரிடம் நேரம் பதியும்போதே நீண்ட சந்திப்பு வேண்டும் என்று கேளுங்கள். பத்து நிமிடத்தில் தலையிடியைத்தான் சொல்ல முடியும். எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால், உங்களுக்கு உள்ளவற்றைத் தமிழிலேயே ஒரு தாளில் எழுதிக் கொண்டுசெல்லுங்கள். இனி உங்கள் கேள்விகளைக் கேட்கலாம். எழுந்து கேட்கத் தயங்குவோர் பெயரின்றி எழுதித் தருவதற்காக வாசலருகே ஒரு பெட்டி வைத்திருக்கிறோம்.