சேற்றின் எடையும் ஆழ்துளைக் கிணறும்
(கொல்கத்தாவில் ஆற்றிய உரையிலிருந்து)



இந்நகரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அசோக்நகரில் எண்ணெய், இயற்கை எரிவாயுக் கழகம் கண்ட எண்ணெய் வயல் 2020 டிசம்பர் 20 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 1950-களிலேயே இந்தோ-ஸ்டான்வாக் திட்டம் வங்காளத்தில் துளையிட்டுப் பார்த்து, வணிக அளவில் பயனின்றிக் கைவிட்டது. இவ்வளவு பொறுமை கோரும் தொழிலில், நான் பொருளாதாரம் படித்தவன், செலவுக் கணக்கைப் பார்ப்பவன். துளைச் சேற்றை உயர் வெப்பத்தில் சோதிப்பதற்கான செலவைக் கண்டு, "சேற்றுக்கு இத்தனை சோதனையா?" என ஒருமுறை கோப்பில் எழுதினேன். அக்கேள்வி தவறானது என்பதைப் பின்னரே அறிந்தேன்.

துளைச் சேறு வெறும் மசகு அன்று. தன் எடையால் அது பாறையிலுள்ள வாயுவை அடக்கி வைக்கிறது. அடர்த்தி 1.5 உள்ள சேறு 4,000 மீட்டர் ஆழத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 600 கிலோ அழுத்தம் தரும். எடை கூட்டுவதற்கு நம் ஆந்திரத்து மங்கம்பேட்டையில் ஏராளமாகக் கிடைக்கும் பாரைட் பயன்படுகிறது.

ஆனால் தரைமட்டத்தில் அளந்த அடர்த்தி கிணற்றின் அடியில் நிலைப்பதில்லை. அழுத்தம் சேற்றைச் சுருக்குகிறது, வெப்பம் விரிக்கிறது. நீரை 150 டிகிரி வரை சூடாக்கினால், அது கொதியாதபடி அழுத்தி வைத்தாலும், அடர்த்தி சுமார் 8 விழுக்காடு குறையும். 600 கிலோ அழுத்தம் மீட்டுத் தருவது அதில் ஒரு பகுதியே. எண்ணெயில் கலந்த சேறோ இரு வகையிலும் அதிகமாக மாறும். சராசரி அடர்த்தி 0.02 மட்டும் குறைந்தால்கூட, அதே ஆழத்தில் 8 கிலோ அழுத்தம் போய்விடும். இதை ஈடுகட்டச் சேற்றை மிகுதியாகக் கனப்படுத்தினால் பாறை பிளந்து சேற்றை விழுங்கும். கிருஷ்ணா-கோதாவரிப் படுகையின் ஆழமான, வெப்பமிக்க கிணறுகளில் இவ்விரு எல்லைகளுக்கும் இடைவெளி மிகக் குறுகலானது. சேற்றோட்டத்தை நிறுத்தினாலோ, அடியிலுள்ள சேறு மேலும் சூடேறி இலேசாகிறது.

1995 ஜனவரியில் கோதாவரி டெல்டாவிலுள்ள பாசர்லபூடியில் வெடித்துக் கிளம்பிய வாயு 65 நாட்கள் எரிந்தது. அதற்கு இதுவே காரணம் என்று நான் கூற வரவில்லை. அடக்கும் அழுத்தம் கைமீறினால் ஊர்மக்கள் கொடுக்கும் விலை எத்தகையது என்பதற்கு அது சான்று. அந்த விலை எந்த மதிப்பீட்டுப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. எனவே சேற்றுச் சோதனைக்கான ஒதுக்கீட்டைக் கேட்டுக் கோப்பு வருமாயின், ஆழமும் அடிவெப்பமும் குறிக்கப்பட்டுள்ளனவா என்று மட்டுமே இப்பொழுது பார்க்கிறேன்.