நோட்டீஸ் போர்டைப் பார்க்காமல் பஸ் ஏறியவர்கள்

அரியலூர் அரசு கலைக் கல்லூரி முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு 'மாணவர் நலன், அன்றும் இன்றும்'. அன்று பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு. 1975இல் இங்கே பி.யு.சி. சேர்ந்து, 1979இல் பி.ஏ. முடித்து வெளியே போனவன் நான். இன்று பற்றிப் பேசவும் கொஞ்சம் உரிமை உண்டு. வருவாய்த் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தேன். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று நம்ம பிள்ளைகள் தூக்கிக்கொண்டு அலைகிற காகிதங்களில் பாதி என் மேசையைத் தாண்டித்தான் போயிருக்கும்.

1965இல் இந்தக் கல்லூரி தொடங்கியபோது அரியலூர் திருச்சி மாவட்டத்தில் ஒரு தாலுகா. பட்டம் தந்தது சென்னைப் பல்கலைக்கழகம். 1982இல் திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகம் வந்தது. மாவட்டக் கதை இன்னும் வேடிக்கை. 1995இல் நாம் பெரம்பலூர் மாவட்டமானோம், 2001இல் அரியலூர் மாவட்டமானோம், 2002இல் திரும்பவும் பெரம்பலூரோடு சேர்ந்தோம், 2007இல் மறுபடியும் அரியலூர் ஆனோம். ஊர் ஓர் அங்குலம் நகரவில்லை. ஆபீசில் நாங்கள் ரப்பர் ஸ்டாம்பு மாற்றியதுதான் மிச்சம்.

சரி, தலைப்புக்கு வருகிறேன்.

எங்கள் காலத்தில் மாணவர் நலன் என்றால் அது ஒரு நோட்டீஸ் போர்டு. பரீட்சைக் கட்டணம் கட்டக் கடைசித் தேதி, ஸ்காலர்ஷிப் பாரம் வந்திருக்கிறது, நாட்டு நலப்பணித் திட்ட முகாம் எந்த ஊரில், யாருக்கு அட்டெண்டன்ஸ் குறைவு, யார் பாஸ், யார் பெயில், எல்லாம் அந்தப் பலகையில்தான். ஊரைச் சேர்ந்த பசங்களும் விடுதிப் பசங்களும் சாயங்காலம் நின்று நிதானமாகப் படிப்பார்கள். செந்துறைப் பக்கம், திருமானூர்ப் பக்கம், ஆண்டிமடம் பக்கம் போகிறவன் என்ன செய்வான்? கடைசி வகுப்பு முடிகிறபோதே அவன் காது பஸ் ஹாரனில் இருக்கும். அதை விட்டால் அடுத்த வண்டிக்கு இருட்டிவிடும். பெரம்பலூரிலிருந்து வருகிறவனுக்கு இன்னும் மோசம். அந்த ஊருக்கு அன்றும் ரயில் கிடையாது, இன்றும் கிடையாது. முப்பது கிலோமீட்டர் போல பஸ்ஸை நம்பித்தான் வரணும்.

செந்துறைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த நண்பன் ஒருவன் எனக்கு இருந்தான். பெயர் வேண்டாம். கணக்கில் புலி. பிற்பட்டோர் ஸ்காலர்ஷிப் பாரம் வந்திருக்கும் நோட்டீஸ் ஒட்டி ஐந்து நாள் கழித்துத்தான் அவன் கண்ணில் பட்டது. அன்றைக்கு வருமானச் சான்று வாங்க வேண்டுமானால் முதலில் கர்ணம் வீட்டுத் திண்ணைக்குப் போகணும். 1980இல்தான் பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது. இது அதற்கு முந்தின காலம். கர்ணம் எழுதி, ஆர்.ஐ. பார்த்து, தாசில்தார் ஆபீஸ் முத்திரை விழுவதற்குள் தேதி முடிந்துவிட்டது. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. நோட்டீஸ் ஒட்டியவர் நேரத்துக்கு ஒட்டினார், கர்ணமும் இழுத்தடிக்கவில்லை. முதல் ஐந்து நாள் போனது போனதுதான். இரண்டாம் வருஷம் பாதியில் அவன் நின்றுவிட்டான். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லாரிக்கு லோடு ஏற்றப் போனான்.

இப்போது இன்றைய கதை. பிள்ளைகளே, உங்களுக்கு இருக்கிற வசதிகளைக் கேட்டால் எங்களுக்குப் பொறாமையாகக்கூட இருக்கும். அரசு கலைக் கல்லூரிகளில் 2007-08 கல்வியாண்டிலிருந்து இளநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணமே இல்லை. இலவச பஸ் பாஸ். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாது. ஆதிதிராவிட மாணவர்களுக்கு, பெற்றோர் வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால், மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகை. 2022 செப்டம்பரில் 'புதுமைப் பெண்' வந்தது: அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை படித்த பெண்ணுக்குக் கல்லூரி முடியும் வரை மாதம் 1,000 ரூபாய். இது முன்னே மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்த திருமண உதவித் திட்டம். கல்யாணத்துக்குக் கொடுத்ததைப் படிப்புக்குக் கொடுப்பது என்று மாற்றினார்கள். நான் பார்த்த மாற்றங்களிலேயே உருப்படியானது இது என்பேன். 2024 ஆகஸ்டில் பையன்களுக்கும் 'தமிழ்ப் புதல்வன்' என்று அதே ஆயிரம். 2022இலேயே வேலைத் திறன் பயிற்சிக்கு 'நான் முதல்வன்'. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் 'தன்னார்வப் பயிலும் வட்டம்' என்று ஒன்று இருக்கிறது. டி.என்.பி.எஸ்.சி. பரீட்சைக்கு அங்கே காசில்லாமல் பாடம் நடத்துகிறார்கள். இந்த அரங்கத்தில் எத்தனை பேருக்கு அது தெரியும்? கை தூக்குங்க பார்ப்போம்... பாருங்க, எண்ணிவிடலாம்.

அதைத்தான் சொல்ல வந்தேன். அன்றைக்கு நமக்குச் சலுகையும் கம்மி, சேதியும் கம்மி. இன்றைக்குச் சலுகை ஏகப்பட்டது வந்துவிட்டது. சேதி மட்டும் அதே பழைய பலகையில் நிற்கிறது. பலகைதான் வாட்ஸ்அப் குரூப் ஆகியிருக்கிறது. காலை வணக்கமும் பிறந்தநாள் கேக்கும் நானூறு வந்து விழுகிற இடத்தில் ஸ்காலர்ஷிப் தேதி எங்கே கண்ணில் படும்?

போன வருஷம் ஆவணியில் நடந்தது ஒன்று. ஒரு பட்டா விஷயமாக இ-சேவை மையத்தில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு பெண். ஆண்டிமடம் பக்கம், முந்திரிக்காட்டு வேலைக்குப் போகிற குடும்பம். கையில் ஆதார் அட்டை, மார்க் ஷீட், கசங்கிய ஒரு பாஸ்புக்.

"என்னம்மா, காலேஜா?" என்றேன்.

"ஆமாங்கய்யா, செகண்ட் இயர். மாசம் ஆயிரம் ரூவா வரணும். கூடப் படிக்கிற புள்ளைங்களுக்கெல்லாம் வந்துடுச்சு. எனக்கு அஞ்சு மாசமா வரல. நமக்கெல்லாம் கொடுப்பினை இல்லீங்கய்யா. அக்கா திருப்பூர்ல கம்பெனியில இருக்கா, அங்கயே வரச் சொல்லுறா. டி.சி. வாங்கிடலாம்னு இருக்கேன்."

சாதாரணமாகத்தான் சொன்னது அந்தப் பிள்ளை. அழவெல்லாம் இல்லை. எனக்குத்தான் அடிவயிற்றில் என்னமோ செய்தது.

கல்லூரியில் விவரம் எல்லாம் சரியாகப் பதிந்திருந்தார்கள். பள்ளியில் எமிஸ் மாதிரி கல்லூரிக்கு யூமிஸ் என்று ஒரு பதிவு இருக்கிறது. அதில் எந்தக் குறையும் இல்லை. அந்தப் பெண் கையில் வைத்திருந்ததோ கல்லூரியில் சேர்ந்த பிறகு தொடங்கிய புதுக் கணக்கின் பாஸ்புக். அரசாங்கம் அனுப்புகிற இந்த மாதிரிப் பணம் நாம் எந்தப் பாஸ்புக்கைக் காட்டுகிறோம் என்று பார்த்து வராது. ஆதார் எண் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறதோ அங்கே போய் விழும். "வேற எங்கயாவது கணக்கு இருக்காம்மா?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "பதினொண்ணாவது படிக்கும்போது ஸ்கூல்ல ஒண்ணு ஆரம்பிச்சுக் குடுத்தாங்க, அது பொட்டியில கெடக்கு" என்றது. மறுநாள் அதை எடுத்துவரச் சொல்லி வங்கியில் என்ட்ரி போட்டோம். அஞ்சு மாசப் பணமும் முழுசாக அதில் கிடந்தது.

பணம் வந்ததற்கு எஸ்.எம்.எஸ். போயிருக்குமே என்பீர்கள். போயிருக்கிறது, அவங்க அப்பா எப்போதோ தொலைத்த ஒரு சிம் கார்டு நம்பருக்கு.

எனக்கு ஆன செலவு இரண்டு டீயும் ஒரு மத்தியானமும். அந்தப் பெண் இப்போது மூன்றாம் வருஷம் படிக்கிறது.

இது ஓர் ஆளின் கதை. ஆதாரில் இனிஷியல் முன்னால், மார்க் ஷீட்டில் பின்னால். சாதிச் சான்றில் அப்பா பெயரில் ஓர் எழுத்து மாற்றம். அப்பாவும் அம்மாவும் கேரளாவில் கட்டட வேலையில், ஓ.டி.பி. வருகிற போன் அவர்கள் கையில். இப்படி எத்தனையோ. ஒவ்வொன்றும் அரை மணி நேர வேலை. உட்கார்ந்து செய்ய ஓர் ஆள் இல்லாததால் அது மூன்று வருஷப் படிப்பைத் தின்றுவிடுகிறது. பேராசிரியர்கள் செய்யட்டும் என்று சொல்லாதீர்கள். அவர்களுக்குப் பாடம் நடத்துகிற வேலை இருக்கிறது.

இடையில் ஒரு விஷயம். நமக்குச் சேதி கடைசியில் வருவது புதுசு இல்லை. 1862இலேயே பிளான்போர்டு என்கிற வெள்ளைக்கார நிலவியல் அறிஞர் நம்ம பக்கத்துப் பாறைகளை ஆராய்ந்து ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று மூன்று தொகுதியாகப் பிரித்து எழுதினார். உலகத்தில் எங்கே நிலவியல் படித்தாலும் இந்தியாவின் கிரெட்டேசியஸ் காலப் பாறை என்றால் அரியலூர் பெயர் வரும். 1940இல் சாத்தனூரில் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டுபிடித்துச் சொன்ன கல்மரம் பதினெட்டு மீட்டர் நீளம், வயசு பன்னிரண்டு கோடி வருஷம். நான் இங்கே நாலு வருஷம் படித்தேன், அந்தப் பெயர்கூட என் காதில் விழுந்ததில்லை. ஓடையில் கிடந்த சுருள் சுருளான கல்லை ஆட்டுக்கார அம்மா எடுத்து என்னிடம் காட்டியபோது, நத்தை மாதிரி இருக்கிறதே என்று மட்டும் நினைத்தேன். கடல் இங்கே வரைக்கும் இருந்தது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். இப்போது வாரணவாசியில் அதற்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. போகாதவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இனி சங்கத்துக்கு. ஒவ்வொரு சந்திப்பிலும் கல்லூரிக்கு என்ன செய்வது என்று பேசுகிறோம். அலங்கார வளைவு, பெயர் பொறித்த தண்ணீர்த் தொட்டி, சிலை. வேண்டாம் என்று சொல்லவில்லை, வசதி உள்ளவர்கள் செய்யுங்கள். நான் கேட்பது பணம் இல்லை. ஓய்வு பெற்றவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறோம். பேங்கில் இருந்தவர், தபால் ஆபீசில் இருந்தவர், வாத்தியார், என்னை மாதிரி ரெவின்யூ. நமக்குப் பாரம் நிரப்பத் தெரியும், எந்த ஆபீசில் யாரை எப்படிக் கேட்கணும் என்று தெரியும்.

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வரும். அரசுக் கல்லூரிகளுக்கு 2020இலிருந்து விண்ணப்பம் ஆன்லைனில்தான். பிள்ளைகள் பிரவுசிங் சென்டரில் எவனோ சொன்ன கோர்ஸை டிக் பண்ணிவிட்டு வருகிறார்கள். அந்த நாட்களில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, நம்மில் இரண்டு பேர். வகுப்பு தொடங்கிய பிறகு, கல்லூரி அனுமதித்தால், சனிக்கிழமை காலையில் வளாகத்திலேயே உட்காரலாம். முதல் வேலையாக முதலாண்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் ஆதார் எந்தக் கணக்கில் இருக்கிறது, போன் நம்பர் உயிரோடு இருக்கிறதா என்று கேட்டாலே போதும். கல்லங்குறிச்சித் தேர் வருகிற சமயம் பரீட்சை நெருங்கும். பாதியில் நிற்கிற பிள்ளைகளில் பலர் அதற்குள் நின்றிருப்பார்கள். ஆகையால் தை மாசம் ஒருமுறை, வராத பிள்ளைகள் யார் என்று துறையில் கேட்டுக்கொண்டு, ஊருக்கே போய்ப் பார்த்துவிட்டு வரணும். டூ வீலர் இருக்கிறவர்கள் போதும்.

பெரம்பலூர்க்காரர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களுக்கும் சேர்த்துத்தான். இன்றைக்குக் குரும்பலூரில், வேப்பந்தட்டையில், வேப்பூரில், இந்தப் பக்கம் ஜெயங்கொண்டத்தில் என்று அரசுக் கல்லூரிகள் ஊருக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டன. அங்கே படிக்கிற பிள்ளை நம்ம கல்லூரிப் பிள்ளை இல்லை என்று யாரும் நினைக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் ஊருக்கு எது பக்கமோ அங்கே உட்காருங்கள்.

மாணவர்களுக்கு ஒரே வார்த்தை. வெட்கப்படாமல் கேளுங்க. தெரியாததைக் கேட்டால் யாரும் சிரிக்க மாட்டார்கள். சிரித்தால் என்னிடம் வந்து சொல்லுங்க.

செயலாளர் மணியைக் கையில் எடுத்துவிட்டார். வாசலில் சாப்பாட்டு டோக்கன் கொடுக்கிற மேசையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். உங்கள் பெயர், ஊர், வாரத்தில் எந்தக் கிழமை வர முடியும், மூன்றையும் எழுதுங்கள். செந்துறை ரூட்டுக்கு என் பெயரை முதலில் எழுதிவிட்டேன். திருமானூர், ஆண்டிமடம், தா.பழூர், குன்னம் பக்கங்கள் காலியாக இருக்கின்றன. பேனா கயிற்றில் கட்டியிருக்கிறது, யாரும் எடுத்துக்கொண்டு போய்விட வேண்டாம்.