சுவரில் ஒரு விரல்

மழை விட்ட மறுநாள் சென்னைப் பள்ளிக்கரணைத் தெருக்களில் நடந்தவர்களுக்குத் தெரியும். கணுக்கால் அளவு கலங்கல் தண்ணீர். அடியில் மேடா பள்ளமா என்று கண்ணுக்குத் தெரியாது. பாதம்தான் துழாவிச் சொல்ல வேண்டும். பல வருஷச் சர்க்கரையில் அந்தப் பாதமே மரத்துப் போயிருந்தால்?

நிலையாக நிற்கக் கண், உள்காது, பாதமும் மூட்டுகளும் என மூன்று பக்கமிருந்தும் மூளைக்குச் சேதி போகிறது. ஒன்று பழுதானால் மற்றவை ஓரளவு ஈடுகட்டும். அதனால் பாதம் மரத்த பெரியவர் பகல் வெளிச்சத்தில் சமாளித்து நடந்துவிடுவார். வாஷ்பேசின் முன் முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடும்போதுதான் உடம்பு தள்ளும். சட்டென்று ஒரு விரல் சுவரைத் தேடும்.

அந்த விரலைக் கவனியுங்கள், அதுதான் இன்றைய கதாநாயகன்! 1994-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஜான் ஜெகாவும் ஜேம்ஸ் லாக்னரும் அதன் அழுத்தத்தை அளந்தார்கள். 100 கிராமுக்கும் குறைவு. ஆளைத் தாங்க அது எந்த மூலைக்கு? ஆனாலும் கண்ணை மூடி நின்றவர்களின் ஆட்டம் நன்றாகக் குறைந்தது. எந்தப் பக்கம் சாய்கிறோம் என்ற சேதி விரல்நுனி வழியாகப் போய்விடுகிறது.

நடுத்தெருவில் சுவருக்கு எங்கே போவது? அங்கேதான் கருவி வருகிறது. நீளமான நரம்புகளே முதலில் கெடுவதால் கால்விரல்களும் பாதமும் மரத்த பிறகும் கணுக்காலுக்கு மேலே உணர்ச்சி மிஞ்சியிருப்பதுண்டு. அமெரிக்காவின் ‘வாக்கசின்ஸ்’ கருவி அதைப் பயன்படுத்துகிறது. ஷூவுக்குள் உள்ள பட்டை பாதத்தின் அழுத்தத்தை அளக்கும். காலில் கட்டிய பட்டி, எடை எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கேற்ப மெல்ல அதிரும்.

இங்கே நம் வேலூரை மறக்க முடியாது. அங்கே தொழுநோயாளிகளின் மரத்த கைகால்களைக் காத்த டாக்டர் பால் பிராண்ட், பின்னாளில் அமெரிக்காவில் செயற்கை வலிக்கு முயன்றார். ஆபத்தான அழுத்தம் வந்தால் கருவி ஒலிக்கும், ஷாக்கும் கொடுக்கும். நோயாளிகள் வேலை நடக்க வேண்டுமென்று அதை அணைத்துவிட்டார்கள்! மெல்லிய அதிர்வின் அருமை அப்போதுதான் புரிகிறது.

அதிரும் கருவி கைக்கு வரும்வரை குளியலறையில் ஒரு கைப்பிடி இருக்கட்டும். அடுத்த முறை சர்க்கரை பார்க்கப் போகும்போது செருப்பைக் கழற்றி, ‘உணர்ச்சி சோதிக்கும், 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள் டாக்டர்’ என்று நீங்களே கேட்பீர்கள் என நம்புகிறோம்.