ஊரூராய் ஒரு நடை
(ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

விடுமுறையைப் பயனுறக் கழித்தல் என்பது எனக்குக் கொடுக்கப்பட்டுள்ள பொருள். பொருள் பெரிது, நேரம் சிறிது. ஆதலின் ஒரே ஒரு விடுமுறையைப் பற்றி மட்டும் பேசுகிறேன். ஐந்து நாள் நடை. வண்டி கிடையாது. நம் குடியிருப்பின் வாயிலிலே புறப்பட்டு, தோண்ஜே, ஆட்கர்வாடி, சிங்ககட், விஞ்சர், குஞ்சவணே, ராஜகட் எனச் சென்று வேல்ஹே என்னும் ஊரில் முடிவது.

சன்னலைத் திறந்தால் நமக்குச் சிங்ககட் தெரிகிறது. மழைக்காலத்தில் அது மேகத்துள் மறைந்துவிட்டால், "இன்று கோட்டையைக் காணோமே" என்று இல்லத்தரசியர் பேசிக்கொள்கின்றனர். அவ்வளவு பழக்கம். ஆயினும் அம்மலைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று கேட்டால், நம்மிற் பலர் விடை சொல்ல இயலாது. விடுமுறை வருமுன்னரே ரயிலுக்கு இடம் பதிவு செய்து ஊருக்குப் புறப்பட்டுவிடுகிறோம்; தவறில்லை, பாட்டி தாத்தா காத்திருப்பர். ஆனால் நம் குழந்தைகளை நினைத்துப் பாருங்கள். பள்ளியில் அவர்கள் மதராசிகள். திருநெல்வேலிக்குப் போனால் பூனாக்காரர்கள். இரண்டு இடத்திலும் விருந்தினராகவே வளர்கிறார்கள். பிறந்த மண்ணின் பெயர்களையேனும் அவர்கள் காலால் அறிய வேண்டாவா? இதுவே என் கவலை. இதற்காகவே இந்நடையைச் சொல்ல வந்தேன்.

முதலில் மண்ணையே எடுத்துக்கொள்வோம். நாம் குடியிருப்பது எரிமலைக் குழம்பின்மேல். அஞ்ச வேண்டா, அது ஆறிப்போய் ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன! எரிமலை என்றவுடன் உச்சியில் புகை கக்கும் கூம்பொன்றை நாம் எண்ணுகிறோம். தக்காணத்தில் நிகழ்ந்தது அவ்வாறன்று. நிலத்திலே நீண்ட வெடிப்புகள் தோன்றி, அவற்றின் வழியே குழம்பு பொங்கி வழிந்து, வெள்ளம்போற் பரந்து, ஆறி இறுகியது. பின்னர் மீண்டும் பொங்கியது. தோசைமேல் தோசை அடுக்கினாற்போல அடுக்கின்மேல் அடுக்காக அமைந்தது. இன்றும் ஏறத்தாழ 5 இலட்சம் சதுர கிலோமீட்டர் நிலத்தை இக்கருங்கல் மூடியிருக்கிறது. அஜந்தாவையும் எல்லோராவையும் குடைந்தது இதே கல்லில்தான்.

சிங்ககட்டின் பக்கவாட்டை மாலை வெயிலில் உற்றுப் பாருங்கள். செங்குத்தான பாறை, அதன்கீழ் ஒரு சரிவு, மீண்டும் பாறை, மீண்டும் சரிவு எனப் படிக்கட்டுப்போல் தெரியும். படி என்று பொருள்படும் சுவீடிய மொழிச் சொல்லிலிருந்தே 'டிராப்' என்று இப்பாறைகளுக்குப் பெயரிட்டனர். ஒவ்வோர் அடுக்கிலும் நடுப்பகுதி கெட்டியானது. அது செங்குத்தாக நிற்கும். மேற்பகுதி காற்றுக்குமிழிகளால் துளைபட்டு மெலிந்தது. அது எளிதில் உதிர்ந்து சரிவாகும். இரண்டு அடுக்குகளுக்கு இடையே சில இடங்களில் செங்காவி நிறத்தில் ஒரு பட்டை காணலாம். ஒரு குழம்பு ஆறியபின் அதன்மேல் மண் உண்டாகி, அடுத்த குழம்பு வந்து அம்மண்ணைச் சுட்டுச் செங்கல்லாக்கிய தடயம் அது. மழைநீர் மேற்பாறையின் வெடிப்புகளில் இறங்கி, இப்பட்டையைத் தாண்ட இயலாமல், பக்கவாட்டில் ஊற்றாகக் கசியும். ஊற்றருகே உதிர்ந்த மண்ணுடன் ஒரு மேடை. அம்மேடையில் நாலு வயல், பத்து வீடு. மலையூர்கள் பல ஏன் அங்கங்கே திண்ணைபோன்ற தளங்களில் அமர்ந்துள்ளன என்பதை இதனால் அறியலாம். கோட்டை கட்டியோரும் இந்த அடுக்கைத்தான் பயன்படுத்தினர். உச்சிப்பாறை பாலேகில்லா, அதாவது உட்கோட்டை. அதற்குக் கீழுள்ள தளம் மாச்சி. இயற்கை எழுப்பிய மதிலின்மேல் மனிதன் வைத்தது சில வரிசைக் கல்லே.

குழந்தைகளுக்கு ஒரு செய்தி. பாறைத் துளைகளில் வெண்மையாகப் பளிச்சிடும் படிகங்களைக் காண்பீர்கள். சியோலைட் என்பது அதன் பெயர். பூனாவைச் சுற்றிய கற்சுரங்கங்களில் கிடைப்பவை உலகப் பொருட்காட்சிச் சாலைகளில் வைக்கப்பட்டுள்ளன. பாருங்கள், கோட்டையில் உள்ளதைப் பெயர்க்காதீர்கள்.

இனி வழி. முதல்நாள் ஏரிக்கரை ஓரமாகத் தோண்ஜேக்கு நடந்து, மலையடியில் ஆட்கர்வாடியில் தங்கல். காலை நேரத்தில் இவ்வேற்றம் முதியோரை அச்சுறுத்தாது. இடையிடையே மோர் விற்பவர்கள் இருப்பார்கள். 1,312 மீட்டர் உயரமுள்ள இக்கோட்டையை 1670ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் இரவில் தானாஜி மாலுசரே ஏறிப் பிடித்து உயிர் நீத்ததைப் பள்ளிப்பிள்ளைகள் நம்மைவிட நன்றாகக் கூறுவர். உடும்பின் உடலிற் கயிறு கட்டிப் பாறையில் ஏறச் செய்தனர் என்பது மக்கள் கதை. உடும்புப்பிடி என்று வழங்கும் நாம் அக்கதையை எள்ளி நகையாட மாட்டோம்.

கோட்டையில் மற்றொரு சமாதி உண்டு. வண்டியில் வந்து வெங்காயப் பஜ்ஜியும் தயிரும் உண்டு திரும்புவோர் அங்கே நிற்பதில்லை. சிவாஜியின் இளைய மகன் இராஜாராமின் சமாதி அது. இராஜாராம் யார்? 1689இல் மொகலாயரிடமிருந்து தப்பி, வேடம் மாறி, தெற்கே நடந்து நம் செஞ்சிக் கோட்டையை அடைந்து, அதையே மராத்திய அரசின் தலைநகராக்கியவர். சிவாஜி 1677இல் கைப்பற்றி வலுப்படுத்திய செஞ்சி, முற்றுகையைப் பல ஆண்டுகள் தாங்கி 1698இல்தான் வீழ்ந்தது. அதற்குமுன் வெளியேறிய இராஜாராம் 1700இல் சிங்ககட்டில் இறந்தார். நமக்குச் செஞ்சி என்றால் தேசிங்கு ராஜனும் அவன் குதிரையும். அவன் போரில் மாண்டது 1714இல். அதற்கு முந்திய கதையின் கடைசி ஏடு நம் சன்னலுக்கு எதிரே கிடக்கிறது. 2025ஆம் ஆண்டு ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்ற மராத்தியக் கோட்டைகள் 12இல் ராஜகட்டும் ஒன்று, செஞ்சியும் ஒன்று. செஞ்சி மட்டுமே மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ளது. செஞ்சியின் கல்லோ இக்கல்லைவிட மிகப் பழையது. 200 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட கருங்கல் வகை. அங்கே உருண்டு திரண்ட பாறைக் குவியல், இங்கே படிக்கட்டு. இரண்டையும் ஒரே கூட்டத்தார் காத்து நின்றனர்.

இரண்டாம் நாள் கல்யாண் வாயில் வழியாக இறங்கி, மலைமுகட்டின்மேல் நடந்து, விஞ்சருக்குச் செல்லுதல். இந்நாளே கடினமான நாள். வழியில் நீர் கிடைப்பது அரிது; ஒருவர்க்கு மூன்று லிட்டர் வேண்டும். ஆனால் இம்முகட்டிலே நின்று பார்க்கும் காட்சிக்கு ஈடில்லை. வடக்கே விழும் மழை முட்டா நதிக்குப் போகிறது, தெற்கே விழுவது நீராவுக்கு. இரண்டும் பீமாவில் கலந்து, பீமா கிருஷ்ணையிற் கலக்கிறது. கிருஷ்ணை நீரைச் சென்னைக்குக் கொண்டுசெல்லும் திட்டத்தின் வாய்க்கால் வழியே 1996இல் முதன்முறை தண்ணீர் பூண்டி ஏரியை அடைந்தது. ஆகவே இம்மலையில் விழும் துளிகளில் ஏதோ ஒன்று சென்னையில் உங்கள் தமக்கையார் வீட்டுக் குடத்துக்குப் போய்ச் சேரக்கூடும்.

நீரைச் சொன்னேன், நீருக்கு விலை கொடுத்தவர்களையும் சொல்ல வேண்டும். 1961 ஜூலை 12ஆம் நாள் பான்ஷேத் அணை உடைந்தது. அதன் வெள்ளத்தில் நம் கடக்வாஸ்லா அணையும் உடைந்து, பூனா நகரம் நீரில் மூழ்கியது. இதை இங்குள்ள பெரியோர் பலர் அறிவர். பின்னர் அணைகள் மீண்டும் எழுந்தன. பான்ஷேத், வரஸ்காவ், டெம்கர், கடக்வாஸ்லா ஆகிய நான்கும் சேர்ந்தே இன்று நகரத்துக்கு நீர் தருகின்றன. அணைக்குப் பின்னே ஆம்பி, மோசே பள்ளத்தாக்குகளில் இருந்த வயல்களும் வீடுகளும் கோயில்களும் ஏரிக்கு அடியிற் போயின. அம்மக்கள் வேறிடம் பெயர்ந்தனர். நீரியல் ஆராய்ச்சி நிலையத்திலே பணிபுரியும் அன்பர்கள் நம் சங்கத்தில் உண்டு. அணைகளின் மாதிரிகளை அவர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். மலைப்பக்கத்துக் குடும்பங்களைக் கண்டு பேசுவது மற்றோர் அளவை. நம் குழாயைத் திறக்கும் கை அவர்கள் வாசலில் ஒருமுறை கும்பிட்டு நிற்பது தகும்.

சரிவுகளில் கார்வி என்னும் புதர் அடர்ந்திருக்கும். அது நம் குறிஞ்சியின் உடன்பிறப்பு. குறிஞ்சி பூக்க 12 ஆண்டு. கார்வி ஏழெட்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒருசேரப் பூத்துக் காய்த்து மடியும். அதன் தண்டுகளை நிறுத்திச் சாணமும் மண்ணும் பூசிச் சுவர் எழுப்புவது இவ்வூர்ப் பழைய வழக்கம். குறிஞ்சித்திணையைப் பாடமாகப் படிக்கும் நம் தமிழ் வகுப்புக் குழந்தைகளுக்கு இதைக் காட்டாமல் எங்கோ உள்ள கோடைக்கானலை மட்டும் காட்டுவானேன்?

விஞ்சரிலும் குஞ்சவணேயிலும் ஊருக்குள்ளேயே தங்குவோம், கோட்டையின்மேல் வேண்டா. முன்னரே சொல்லி வைத்தால் ஊர்க்காரர்கள் உணவு சமைத்துத் தருவார்கள். அரிசிமாவு பாக்ரி, கடலைமாவுப் பிட்லா, பூண்டு மிளகாய்த் துவையல், மேலே சோறு. கேட்ட விலையைக் கொடுங்கள். பேரம் பேசுவதைச் சந்தையோடு வைத்துக்கொள்வோம். வழியிற் கண்டவர்க்கு "ராம் ராம்" சொல்லுங்கள். மூத்த பெண்ணை மாவ்ஷி என்றும் முதியவரை ஆஜோபா என்றும் அழையுங்கள். அவர்கள் முதலிற் கேட்பது "ஜேவண் ஜாலம் கா?" என்பது. சாப்பிட்டாயிற்றா என்று கேட்டே பேச்சைத் தொடங்கும் நாட்டிலிருந்து வந்த நமக்கு அதற்கு மேல் மொழிபெயர்ப்பு வேண்டாம்.

ராஜகட்டுக்கு ஒரு முழுநாள் வேண்டும். சிவாஜி கால் நூற்றாண்டளவு இருந்து ஆண்ட இடம். மூன்று திசையில் மூன்று மாச்சிகள் விரல்போல் நீளும். சுவேளா மாச்சியில் காற்றும் மழையும் பாறையைத் துளைத்து ஊசிக்கண்போல் ஆக்கியுள்ளன. ஐந்தாம் நாள் இளைஞர்கள் முகட்டு வழியே 1,403 மீட்டர் உயரமுள்ள தோரணாவுக்கு ஏறி வேல்ஹேயில் இறங்கட்டும். மற்றவர்கள் சாக்கர் வழியாகப் பள்ளத்தாக்கில் நடந்து அங்கே சேரலாம். சாக்கர் என்றால் மராத்தியில் சர்க்கரை. ஊரின் பெயரே இனிப்பு.

"குழந்தைகளையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு இது ஆகுமா?" என்று செயற்குழுவில் ஓர் அன்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆஷாட மாதத்தில் ஆளந்தியிலிருந்தும் தேஹூவிலிருந்தும் பண்டரிபுரத்துக்கு நடப்போரைப் பார்த்திருக்கிறோம். அவர்களில் எழுபது வயதுப் பாட்டிகள் இல்லையா? பழநிக்கு நடந்த மரபு நமக்கும் உண்டு. முகட்டு நாளை மட்டும் முடியாதவர்கள் பேருந்தில் கடந்துவிடட்டும். அதனால் புண்ணியம் குறைந்துவிடாது. மழைக்காலத்திற் பாறை வழுக்கும், மண் சரியும். சித்திரையில் வெயில் கொல்லும். ஆகவே பொங்கலுக்குப் பின்வரும் வாரமே ஏற்றது. கோட்டைப் பாறைகளில் மலைத்தேனீக் கூடுகள் தொங்கும். அருகே புகைபிடித்தலும், வாசனைத் தைலம் பூசிச் செல்லுதலும், கூச்சலும் கூடா. சுனைநீரைக் காய்ச்சியே குடிக்க வேண்டும். புதுச்செருப்பு வாங்காதீர்கள், பழகிய காலணியே நல்லது. பெயர் கொடுக்க விரும்புவோர் நாடக இடைவேளையில் செயலாளரிடம் தரலாம். வேல்ஹேயிலிருந்து சுவார்கேட்டுக்குப் பேருந்து உண்டு. அவ்வழியே மாலையில் வீடு திரும்பிவிடலாம்.