தக்க விலை தருவோர்



திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்திற்கு எதிரே ஒரு சிலை நிற்கிறது. பேருந்தில் ஏறுவோர் 'ஸ்டாச்யூ' என்று சொல்லிச் சீட்டு வாங்குகின்றனர். அங்கே நிற்பவர் யார் என்று கேட்பவர் குறைவு. அவர்தாம் 1828-இல் கும்பகோணத்தில் பிறந்து, 1872 வரை திருவிதாங்கூர் திவானாக விளங்கிய சர் டி. மாதவராவ். இந்நகரில் வலைத்தளம் வடிவமைக்கும் தொழிலைத் தனியே நடத்திவரும் எங்களுக்கு அவர் குலதெய்வம் போன்றவர். அதன் காரணத்தை இன்று சொல்ல விரும்புகிறோம்.

நாங்கள் நாகர்கோவிலிலிருந்து வந்து கரமனையில் குடியேறிய இருவர். தொடக்கத்தில் கோவளத்து விடுதிக்காரர் ஒருவருக்கு 8,000 ரூபாய்க்குத் தளம் அமைத்துத் தர ஒப்புக்கொண்டோம். எழுத்தில் ஒன்றுமில்லை. நிறத்தை மாற்று, படத்தை மாற்று என்று பதினேழு முறை திருத்தினோம். ஐந்து மாதம் கழிந்தும் பாதிப் பணமே வந்தது. அம்மாத வாடகைக்காக எங்களில் ஒருவருடைய மனைவியின் வளையல் அடகுக் கடைக்குப் போயிற்று. விலை மிகுதியோ என்று ஐயுற்று, சாலைக் கடைத்தெரு வணிகர்களிடம் 5,000 ரூபாய்க்கே செய்து தருவதாகச் சொன்னோம். அவர்களோ 3,000 என்றார்கள்.

அப்போதுதான் ஓவியர் ரவிவர்மாவின் வரலாற்றைத் தொழிற் கண்ணோடு பார்த்தோம். கிளிமானூரில் 1848-இல் பிறந்த அவர், இந்நகர அரண்மனையில் ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் ஆதரவில் வளர்ந்தவர். 1880-இல் மகாராஜா மறைந்தார்; அடுத்த மகாராஜாவின் காலத்தில் அவ்வாதரவு குன்றியது. ஒரே புரவலரை நம்பிய கலைஞன் வேறென்ன செய்வான்? ஆனால் திருவனந்தபுரத்தில் அவரை அறிந்திருந்த மாதவராவ் அச்சமயம் பரோடாவில் திவானாக இருந்தார். சயாஜிராவ் மன்னர் முழு அதிகாரம் ஏற்ற 1881-இல் ரவிவர்மா அங்கே அழைக்கப்பட்டார். 1888-இல் அதே மன்னர் பதினான்கு புராண ஓவியங்களுக்கு 50,000 ரூபாய் தர இசைந்தார். அவற்றை வரையுமுன் அண்ணனும் தம்பி ராஜராஜவர்மாவும் வடநாட்டைச் சுற்றி, மக்களின் உடை, அணி, பழக்கவழக்கங்களைக் கண்டு வந்தனர். அந்தத் தொகையைக் கேட்டு வியப்போர் அப்பயணத்தை ஏனோ மறந்துவிடுகின்றனர்!

ஊர் மாறிப்போன பழைய அன்பர் நமக்கும் மாதவராவ் ஆகலாம் அல்லவா? வர்க்கலையில் நாங்கள் தளம் அமைத்துக் கொடுத்த ஆயுர்வேத நிலையத்தின் கணக்கர் கொச்சிக்குப் போயிருந்தார். வேலை கேட்காமல், நலம் விசாரித்து மட்டும் எழுதினோம். மூன்று மாதத்தில் அவருடைய புதிய முதலாளி, அவரும் சிகிச்சை நிலையம் நடத்துபவரே, எங்களை அழைத்தார்.

விலை சொல்லுமுன் அந்நிலையத்தின் வரவேற்பறையில் இரண்டு நாள் அமர்ந்திருந்தோம். தொலைபேசியில் கேட்போர் அனைவருக்கும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தாம்: எத்தனை நாள் சிகிச்சை, என்ன உணவு, விமான நிலையத்திலிருந்து எவ்வளவு தூரம். இவற்றின் விடைகளையே முகப்பில் வைப்போம் என்று எழுதிக் காட்டி, 90,000 ரூபாய் கேட்டோம். கேட்கும்போது எங்கள் குரல் சற்று நடுங்கியது என்பதை மறைப்பானேன்? அவர் பேரம் பேசினார். நாங்கள் சில பக்கங்களைக் குறைத்து அதற்கேற்ப விலையைக் குறைத்தோமேயன்றி, அதே வேலையை மலிவாகச் செய்ய இசையவில்லை. 75,000-க்கு முடிந்தது.

பாதி முன்பணம், இரண்டே முறை திருத்தம், ஆண்டுப் பராமரிப்புக்குத் தனிக்கட்டணம் என்று இம்முறை எழுதிக் கையொப்பமும் பெற்றோம். 'உத்யம்' பதிவு செய்துகொண்ட சிறுதொழிலாளருக்குச் சட்டத்தின் துணையும் உண்டு. 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒப்பந்தம் எப்படியிருப்பினும் வேலையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாட்களுக்குள் பணம் தரவேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டி விகிதத்தைப்போல் மும்மடங்கு கூட்டுவட்டி சேரும். பதிவுக்குக் கட்டணமில்லை.

சென்ற மாதம் கோவளத்து விடுதிக்காரர் மறுபடி அழைத்தார். தளத்தைப் புதுப்பிக்க வேண்டுமாம். பழைய பாக்கியையும் பாதி முன்பணத்தையும் கேட்டோம். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். வளையலை மீட்டாயிற்று.